மலையின் மன்னன் பீற்றர் புறொக்கும் அவரது கார்களும்

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, சிட்னி நகருக்கு மேற்கே சுமார் 200 கிலோமீற்றர் தொலைவில் பாத்தர்ஸ்ற் என்றொரு சிறு நகரம் உண்டு. அதனை அண்டியுள்ள மௌன்ற் பனோரமா மலையில் ஏறி இறங்கும் 6.2 கிலோமீற்றர் நீளமான வீதி 1938 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வருடத்தின் பெரும்பாலான நாட்களில் அது சாதாரணப் பொதுவீதி. அங்கே குடியிருப்போரின் வீட்டு வாசல்கள் அதிலேயே திறக்கின்றன; வேகக்கட்டுப்பாடு மணிக்கு 60 கிலோமீற்றர். ஆனால் ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த வீதி மூடப்பட்டு, நாட்டின் மிகப் பெரிய காரோட்டப் போட்டிக்குக் களமாகிவிடும். அடிவாரத்திற்கும் உச்சிக்கும் இடையில் 174 மீற்றர் உயர வித்தியாசமுள்ள அந்த வீதியில் ஒன்பது தடவைகள் வெற்றிவாகை சூடியவர் பீற்றர் புறொக். வேறெவரும் இன்றுவரை அத்தனை தடவைகள் அங்கு வென்றதில்லை. மலையின் மன்னன் என்று அந்நாட்டு மக்கள் அவருக்குச் சூட்டிய பட்டம், அவர் மறைந்து இரு தசாப்தங்களாகியும் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கப்படவில்லை.

காரோட்டப் போட்டி என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது ஃபோர்மியுலா வன் பந்தயமே. புறொக் ஓட்டியவை அத்தகைய ஒற்றை இருக்கை வாகனங்கள் அல்ல. கடையில் வாங்கிக் குடும்பத்துடன் பயணம் செய்யும் நான்கு சக்கர வாகனத்தையே போட்டிக்கேற்பச் சீரமைத்து ஓட்டும் ரூறிங் கார் பந்தயமே அவரது துறை. பாத்தர்ஸ்ற்றில் 1960களில் இப்போட்டி தொடங்கியபோது அதன் நோக்கமே, எந்தக் கம்பனியின் கார் நெடுநேரம் பழுதின்றி ஓடும் என்பதை வாங்குவோருக்குக் காட்டுவதுதான். ஞாயிறன்று வெல்லும் கார் திங்களன்று விற்பனையாகும் என்பது வியாபாரிகளின் கணக்கு. ஹோல்டன், ஃபோர்ட் ஆகிய இரு கம்பனிகளுக்கிடையிலான இந்தப் போட்டி, காலப்போக்கில் குடும்பங்களையே இரு முகாம்களாகப் பிரித்து நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெரும்போர் எனப்படும் கிரிக்கெட் ஆட்டத்தின்போது தகப்பன் மத்திய கல்லூரிக்கும் மைத்துனன் சென் ஜோன்ஸ் கல்லூரிக்குமாகப் பிரிந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இந்த இரு முகாம்களில் ஹோல்டன் முகாமின் முகமாக விளங்கியவரே புறொக்.

1945 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் திகதி விக்ரோறியா மாநிலத்தில் பிறந்த அவர், மெல்பேர்ண் நகரின் புறநகரான ஹேர்ஸ்ற்பிறிட்ஜ் பகுதியிலே வளர்ந்தார். அவரது முதலாவது கார் ஐந்து பவுணுக்கு வாங்கிய பழைய ஒஸ்ரின் 7. அதன் உடற்பகுதி பாரமெனக் கருதிய அவர், அதனைக் கோடரியால் வெட்டி அகற்றிவிட்டு எஞ்சிய சட்டத்தை வயல்வெளிகளில் ஓட்டித் திரிந்தார். ஒரு வாகனம் பிடியிழந்து வழுக்கும்போது அதனை மீளக் கட்டுக்குள் கொண்டுவரும் வித்தையை அவர் அந்த வயல்களிலேயே பழகினார் எனலாம்.

1965 இல், குலுக்கல் முறையில் இளைஞர்களைத் தெரிவுசெய்யும் கட்டாய இராணுவ சேவைக்கு அவரும் அழைக்கப்பட்டார். அவரது வயதொத்தோர் பலர் வியட்நாமுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. புறொக் தமது சேவைக் காலத்தை உள்நாட்டிலேயே கழித்தார். சேவை முடிந்து வீடு திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை ஒரு பந்தயக் காரைச் செய்து முடித்ததுதான்.

அந்தக் காரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒஸ்ரின் ஏ30 என்பது 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய எஞ்சின் பூட்டப்பட்ட, முட்டை வடிவிலான ஒரு குட்டிக் கார். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் நம் நாட்டு வீதிகளிலும் நீண்ட காலம் ஓடின. பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓடவைத்த சாமர்த்தியத்தை நம் வாசகர் பலர் நேரில் கண்டிருப்பர். அத்தகைய குட்டிக் காரொன்றினுள்ளே, அதன் சொந்த எஞ்சினைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் பெரிதான, ஏறத்தாழ 2,900 கன சென்ரிமீற்றர் ஹோல்டன் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் புறொக் புகுத்தினார். பொறியியற் பட்டமோ பெரிய தொழிற்கூடமோ அவரிடம் இருக்கவில்லை. 1967 இல் போட்டிக் களத்திற்கு வந்த அந்த விநோத வாகனத்தைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், அது தம்மைக் கடந்து சென்றபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டனர். இவ்வளவு சிறிய காரில் இவ்வளவு பெரிய எஞ்சினை வைத்து வீதியை விட்டு விலகாமல் ஓட்டக்கூடிய ஒருவன் எவ்வித காரையும் ஓட்டுவான் என்று அனுபவசாலிகள் எண்ணினர்.

அவ்வாறு எண்ணியவர்களுள் ஹரி ஃபேர்த் ஒருவர். 1969 இல் ஹோல்டன் டீலர் ரீம் என்ற போட்டிக் குழுவை அமைத்த அவர், இருபத்து நான்கு வயது நிரம்பிய புறொக்கைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். அவ்வருடமே மொனாறோ காரில் டெஸ் வெஸ்ற் என்பவருடன் இணைந்து பாத்தர்ஸ்ற்றில் முதன்முறையாக ஓடிய புறொக் மூன்றாம் இடத்தைப் பெற்றார்.

புறொக்கின் பெயர் நாடெங்கும் பரவியது 1972 ஆம் ஆண்டிலாகும். அந்த வருடத்தில் கார்களைவிட அவற்றைப் பற்றிய விவாதமே சூடாக இருந்தது. போட்டி விதிகளின்படி, களத்தில் ஓடும் கார் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டிருக்க வேண்டும். எனவே கம்பனிகள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடிய கார்களை விற்பனைக்கு விட்டன. மணிக்கு 160 மைல் வேகத்தில் பறக்கும் கார்கள் விரைவில் வீதிக்கு வரவிருக்கின்றன என்று சிட்னிப் பத்திரிகையொன்று அவ்வருட நடுப்பகுதியில் செய்தி வெளியிட்டதும் அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தனர். விக்ரோறியா மாநிலத்தில் மட்டும் 1970 இல் 1,061 பேர் வீதி விபத்துக்களில் மாண்டிருந்தனர் என்பதை நினைத்தால் அந்தக் கொதிப்பில் நியாயமில்லை என்று கூற முடியாது. கம்பனிகள் தமது புதிய திட்டங்களைக் கைவிட்டன.

இந்தச் சூழலில்தான் அவ்வருடப் போட்டி நடைபெற்றது. 5.8 லீற்றர் வீ8 எஞ்சின் கொண்ட ஃபோர்ட் ஃபல்கனை அலன் மொஃபற் ஓட்டினார். 3.3 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட டொறானா எக்ஸ்யூ-1 காரைப் புறொக் ஓட்டினார். உலர்ந்த வீதியில் நேர்க்கோட்டு ஓட்டத்திலே டொறானா ஃபல்கனுக்கு ஈடாகாது. ஆனால் அன்று மழை பெய்தது. நனைந்த மலைவீதியில் பாரங்கூடிய ஃபல்கன் தடுமாற, சிறிய டொறானா வளைவுகளில் அதனை விடாது துரத்தியது. மொஃபற் அழுத்தம் தாளாது தவறிழைத்து நேரத்தை இழந்தார். 500 மைல் தூரத்தையும் மாற்றுச் சாரதியின்றித் தனியாகவே ஓட்டி முடித்த புறொக் முதலிடம் பெற்றார். மறுவருடம் முதல் போட்டி 1,000 கிலோமீற்றராக நீட்டப்பட்டு இரு சாரதிகள் கட்டாயமாக்கப்பட்டதால், அங்கு தனியொருவராக ஓடி வென்ற கடைசி மனிதர் அவரேயானார்.

1973 இல் அவருடன் இணைந்து ஓடிய டக் ஷிவாஸ், எரிபொருள் தீர்ந்த நிலையில், எவரும் கைகொடுக்கக் கூடாதென்ற விதியின் காரணமாகக் காரைத் தன்னந்தனியே தள்ளிக்கொண்டு குழுவின் தரிப்பிடம் வரை வந்த காட்சியை அந்நாட்டவர் இன்றும் பேசிக்கொள்வர். அந்தச் சில நிமிடங்களில் வெற்றி கைநழுவியது. இரண்டாம் இடமே கிட்டியது. 1974 இல் பல சுற்றுக்கள் முன்னணியில் இருந்தபோது எஞ்சின் பழுதடைந்தது. அவ்வருடம் அவுஸ்திரேலிய ரூறிங் கார் சம்பியன் பட்டத்தை முதன்முறையாக வென்றபோதிலும், வருட முடிவில் அவர் ஹோல்டனின் குழுவை விட்டு விலகினார். மறுவருடமே தனியார் குழுவொன்றின் சிறிய டொறானா எல்34 காரில், பிறையன் சாம்சனுடன் இணைந்து பாத்தர்ஸ்ற்றைக் கைப்பற்றினார். அப்பெரிய கம்பனிக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே அவரது காரின் கதவில் 05 என்ற இலக்கம் இடம்பிடித்தது. அதிர்ஷ்ட எண் என்றோ சோதிடர் குறித்த எண் என்றோ அதனைக் கருதிவிடக் கூடாது. வாகனம் செலுத்துவோரின் குருதியில் இருக்கக்கூடிய மதுசாரத்தின் அளவை விக்ரோறியா மாநிலம் 1966 இல் 0.05 வீதமாக வரையறுத்திருந்தது. 1976 இல் எழுந்தமானமாக வாகனங்களை மறித்து மூச்சுப் பரிசோதனை செய்யும் முறையையும் அம்மாநிலமே அந்நாட்டில் முதலில் கொண்டுவந்தது. சட்டத்தை இளைஞர்கள் வெறுப்புடன் நோக்கிய வேளையில், அவர்கள் தமது வீட்டுச் சுவர்களில் ஒட்டி வைத்திருந்த வீரனின் காரிலேயே அந்த எண் ஓடியது. பொலிஸார் சொன்னால் கேட்காதவன் புறொக் சொன்னால் கேட்பான் என்பது அதிகாரிகளின் எதிர்பார்ப்பு. மதுவைத் தொடாத சமூகங்களைச் சேர்ந்த வாசகர்களுக்கு இது சிறு விடயமாகத் தோன்றலாம். குடித்துவிட்டு ஓட்டியவனால் குடிக்காதவனும் வீதியிலே சாகிறான் என்பதை எண்ணினால் அதன் பெறுமதி விளங்கும்.

ஆனால் நாம் இங்கே ஒரு முரண்பாட்டையும் சுட்டாமல் விட முடியாது. மதுவுக்கு எதிரான எண்ணைத் தாங்கிய அதே கார், 1970களின் பிற்பகுதியிலிருந்து 1984 வரை மார்ல்பறோ சிகரட்டின் பெயரையும் பெரிய எழுத்தில் தாங்கி ஓடியது. அக்கால விளையாட்டு உலகின் நிலை அது; கிரிக்கெட்டும் அதற்கு விலக்கல்ல.

1978 இல் ஹோல்டன் டீலர் ரீமுக்குத் திரும்பிய புறொக்கின் கையில் டொறானா ஏ9எக்ஸ் கிடைத்தது. நியூசிலாந்தில் பிறந்த ஜிம் றிச்சர்ட்ஸ் துணைச் சாரதியானார். 1978, 1979, 1980 ஆகிய மூன்று வருடங்களும் தொடர்ந்து இவ்விருவரும் பாத்தர்ஸ்ற்றை வென்றனர். இவற்றுள் 1979 ஆம் ஆண்டின் வெற்றி போன்றதொன்று அதற்கு முன்னரும் இல்லை, பின்னரும் இல்லை. முதற் சுற்றிலிருந்து இறுதிச் சுற்று வரை முன்னணியை ஒரு கணமும் விட்டுக்கொடாமல், இரண்டாம் இடத்தைப் பெற்றவரை ஆறு சுற்றுக்களால் அவர்கள் பின்தள்ளினர். வெற்றி உறுதியான பின்னர் காரைப் பத்திரமாக மெதுவாகக் கொண்டுவந்து சேர்ப்பதே வழக்கம். புறொக்கோ கடைசிச் சுற்றிலேதான் அன்றைய போட்டியின் மிக வேகமான சுற்றை ஓடிப் புதிய சாதனையையும் பதித்தார். இதனை வீண் துணிச்சல் என்போரும் உண்டு. பார்க்க வந்த மக்களுக்கு அவர் கொடுத்த பரிசாகவே நாம் இதனைக் கருதுகிறோம்.

அதே 1979 இல் நாட்டையே சுற்றிவரும் சுமார் 20,000 கிலோமீற்றர் தூர றெப்கோ ஓட்டத்தையும் கொமடோர் காரில் அவர் வென்றார். செம்மண் பாதைகளிலும் ஆற்றுக் கடவைகளிலும் இரு வாரங்கள் நீடித்த அந்த ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களையும் அவரது குழுவின் கொமடோர்களே பெற்றன. புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த அக்காரின் பலம்பற்றி ஐயுற்றவர்களுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் பின்னர் ஹோல்டன் கம்பனி பந்தயத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது விசித்திரமே. புறொக் அக்குழுவைத் தாமே பொறுப்பேற்று, பணத்துக்கு ஒரு புதிய வழியைக் கண்டுபிடித்தார். கம்பனியிலிருந்து வரும் சாதாரண கொமடோர்களை எடுத்து, எஞ்சினையும் அதிர்வுத் தாங்கிகளையும் பிறேக்கையும் திருத்தி, தமது பெயரால் வியாபாரிகளூடாக விற்பதே அவ்வழி. 1980 இல் வெளிவந்த முதல் தொகுதியில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்களில் 500 கார்கள் செய்யப்பட்டன. அந்த இலாபம் பந்தயக் குழுவை ஓட்டியது. பந்தய வெற்றி அடுத்த தொகுதிக் கார்களை விற்றது. ஹோல்டனுக்கோ செலவின்றிப் புகழ் கிடைத்தது. 1982, 1983, 1984 ஆகிய வருடங்களில் லறி பேர்க்கின்ஸுடன் இணைந்து மீண்டும் மூன்று வெற்றிகள் தொடர்ந்தன. இவற்றுள் 1983 இல் அவரது கார் ஆரம்பத்திலேயே எஞ்சின் பழுதாகி நின்றுவிட, ஜோன் ஹார்வி ஓட்டிக்கொண்டிருந்த குழுவின் மற்றைய காருக்கு இருவரும் மாறி அதிலேயே வென்றனர். அந்தக் காரைப் பகிர்ந்து ஓட்டவிருந்த புறொக்கின் தம்பி பில் புறொக், ஒரு சுற்றுக்கூட ஓட்டாமல் அன்று ஒதுங்கி நிற்க நேர்ந்தது. விதி அதற்கு இடமளித்தது. ஆயினும் அந்தத் தம்பியின் மனநிலையை எண்ணிப் பார்க்கையில் அவ்வெற்றி நமக்கு முழுமையாக இனிக்கவில்லை.

1980களின் நடுப்பகுதியில் புறொக்கின் வாழ்க்கை எவரும் எதிர்பாராத திசையில் திரும்பியது. புகைத்தலையும் மதுவையும் புலாலையும் அவர் துறந்தார். இதுவரை நல்லதே. ஆனால் அதனுடன் வேறொன்றும் வந்தது. படிகக் கற்களையும் காந்தங்களையும் உள்ளடக்கிய சிறிய பெட்டியொன்றைக் காரில் பொருத்தினால் அதன் மூலக்கூறுகள் ஒழுங்குபட்டுக் கார் நன்கு ஓடும் என அவர் நம்பினார். எனேர்ஜி போலறைசர் எனப்பட்ட அப்பெட்டியைத் தாம் தயாரித்த கார்களிலும் பொருத்தி விற்றார். பொறியியலாளர்கள் திகைத்தனர். இந்த விளைவு ஏதோவொரு கருவியால் அளந்து காட்டப்பட வேண்டுமென ஹோல்டன் கேட்டது. தம் அனுபவமே போதுமென நின்றார் புறொக். 1987 பெப்ரவரியில், ஹோல்டனின் சம்மதமின்றி டிறெக்ரர் என்ற புதிய காரை அவர் வெளியிட்டதும் கம்பனி உறவை முற்றாக அறுத்துக்கொண்டது. நெடுங்காலத் தோழரான ஜோன் ஹார்வியும் விலகிச் சென்றார். ஹோல்டன், பிரித்தானியரான ரொம் வோக்கின்ஷோவுடன் சேர்ந்து எச்எஸ்வீ என்ற புதிய நிறுவனத்தை அமைத்து, புறொக் காட்டிய வழியிலேயே கார்களைச் செய்து விற்கலாயிற்று.

அவரை ஏமாற்றுக்காரர் என்று அன்று சொன்னவர்களும் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஏமாற்றுபவன் தனது தொழிலையும் குழுவையும் நண்பர்களையும் பணயம் வைக்க மாட்டான். சிக்கல் வந்ததும் பெட்டியை மெல்ல அகற்றிவிட்டிருப்பான். அவர் உண்மையாகவே நம்பினார். இருபது வருடங்களாகத் தம் கைகளினூடே காரின் உடலை உணர்ந்து வெற்றிகள் கண்ட மனிதருக்கு, தமது உணர்வு பிழைக்கும் என்பதை ஏற்க இயலாமற் போயிற்று. ஆனால் விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு நிரூபணம் கேட்பது கம்பனியின் கடமை. அந்த விடயத்தில் ஹோல்டனின் பக்கமே நியாயம் இருந்தது.

அதே வருட ஒக்டோபரில் நடந்தது கதைகளில் வருவது போன்றது. பாத்தர்ஸ்ற் அந்த முறை உலக ரூறிங் கார் சம்பியன் போட்டியின் ஓர் அங்கமாக நடைபெற்றது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபோர்ட் சியேறா கார்கள் அனைவரையும் விஞ்சின. கம்பனியின் ஆதரவற்ற புறொக்கின் 05 இலக்கக் கார் இடைநடுவே நின்றுபோக, அவரும் டேவிட் பாசன்ஸும் தமது இரண்டாவது காருக்கு மாறி, பீற்றர் மக்கிளவுட்டுடன் சேர்ந்து அதனை மழையில் மூன்றாம் இடம்வரை கொண்டுவந்தனர். பின்னர், முதலிரு இடங்களைப் பெற்ற சியேறாக்களின் முன் சக்கர வளைவுகள் விதிக்கு மாறாகப் பெருப்பிக்கப்பட்டிருந்தமை உறுதியாகி அவை நீக்கப்பட்டன. புறொக்கின் ஒன்பதாவதும் இறுதியுமான பாத்தர்ஸ்ற் வெற்றி இவ்வாறு விசாரணை மேசையிலிருந்து வந்து சேர்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் பீஎம்டபிள்யூ எம்3 காரையும், யாரும் கனவிலும் எண்ணாதவாறு ஃபோர்ட் சியேறாவையும் அவர் ஓட்டினார். ஹோல்டன் ரசிகர்கள் மனம் நொந்தாலும் அவரைக் கைவிடவில்லை. 1991 இல் பேர்க்கின்ஸின் குழுவினூடாக மீண்டும் கொமடோருக்கு வந்தார். 1994 இல் ஹோல்டனின் அதிகாரபூர்வக் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டார். அங்கு கிறெய்க் லவுண்ட்ஸ் என்ற இளைஞருக்கு அவர் வழிகாட்டியானார். 1997 இல் முழுநேரப் போட்டியிலிருந்து ஓய்வுபெற்ற போதிலும் முற்றாக ஒதுங்க அவரால் இயலவில்லை. 2003 இல் பாத்தர்ஸ்ற்றில் நடைபெற்ற 24 மணிநேரப் போட்டியை, மொனாறோ காரில், தம்மைவிட மிக இளையவர்களான மூவருடன் இணைந்து வென்றபோது அவருக்கு வயது 58.

2006 செப்ரெம்பர் 8 ஆம் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவில், பேர்த் நகருக்குக் கிழக்கே கிட்ஜெகானப் பகுதியில், மூடப்பட்ட வீதியில் நடைபெற்ற ராகா வெஸ்ற் ஓட்டத்தின்போது, அவர் ஓட்டிய டேற்றோனா கூபே ரகக் கார் வளைவொன்றில் விலகி மரத்தில் மோதியது. புறொக் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். அருகில் அமர்ந்திருந்த துணைவர் உயிர் தப்பினார். வனவிலங்கு ஆர்வலர் ஸ்ரீவ் இர்வின் காலமாகி நான்கு நாட்களே ஆகியிருந்த அந்த வாரத்தில் அவுஸ்திரேலியர்கள் இரண்டாவது முறையாக அதிர்ந்தனர். மெல்பேர்ணின் சென் போல்ஸ் பேராலயத்தில் அரச மரியாதையுடன் இறுதிக் கிரியைகள் நடந்தன.

அடுத்த மாதமே பாத்தர்ஸ்ற் போட்டி வந்தது. வெற்றியாளருக்கு வழங்கும் கிண்ணத்திற்குப் பீற்றர் புறொக்கின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அதனை முதலாவதாக ஏந்தியவர்கள் அவரது மாணவரான கிறெய்க் லவுண்ட்ஸும் ஜேமி விங்கப்பும். அவர்கள் வென்றது ஃபோர்ட் காரில். அன்று ஹோல்டன் ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினர்.

அந்தக் கார்களைச் செய்த தொழிற்சாலைகள் இன்று இல்லை. ஃபோர்ட் 2016 இலும் ஹோல்டன் 2017 இலும் அவுஸ்திரேலியாவில் கார் உற்பத்தியை நிறுத்தின. 2020 இல் ஹோல்டன் என்ற பெயரையே அதன் அமெரிக்கத் தாய்க்கம்பனி கைவிடுவதாக அறிவித்தது. அதற்குச் சற்று முன்னர், 2018 இல், 1982 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் பாத்தர்ஸ்ற்றை வென்ற புறொக்கின் கொமடோர் ஏலத்திற்கு வந்தது. தம்பி ஓட்டியிருக்க வேண்டிய அந்தக் கார் 21 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு விலைபோயிற்று.